ரீஃபண்டு எவ்வளவு வரும் மேடம்?

பி.காம். மாணவர்களுக்கு வருமான வரிச் சட்டமும் நடைமுறையும் என்று ஒரு தாள் உண்டு. கடலூரில் ஒரு கல்லூரியில் பல வருடங்களாக அதைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். வாடகைக்கு விட்ட வீடு, நகராட்சி வரி, காலியாகக் கிடந்த இரண்டு மாதம் என்று அரைப் பக்கம் நீளும் கணக்கை என் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவார்கள். 2022 தொடக்கத்தில் ஒருநாள், "வீட்டுல யாருக்காவது ஃபார்ம் 16 இருந்தா ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றேன். மறுநாள் அறுபது பேரில் மூன்று பேர் கொண்டுவந்தார்கள். அதில் ஒன்று பி.எஃப். சீட்டு.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர், முதுநகரில் லோடு ஏற்றுகிறவர், இவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் பாதிக்கு மேல். சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்றுதான் ஃபார்ம் 16, அது அந்த வீடுகளுக்குள் நுழைந்ததே இல்லை. தாளின் பெயரில் நடைமுறை என்று இருக்கிறதே தவிர, அதை நானும் காட்டியதில்லை. உண்மையைச் சொன்னால் என் சொந்த வருமான வரி ரிட்டர்னையே ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதே சமயத்தில்தான் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்து ரிட்டர்ன் போட்டேன், கூடுதலாகப் பிடித்த வரியின் ரீஃபண்டு வரவே இல்லை என்று பேப்பரை நீட்டினார். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அமெரிக்காவில் வீட்டா என்ற பெயரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு திட்டம் நடக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்குத் தன்னார்வலர்கள், அதில் நிறைய கல்லூரி மாணவர்கள், இலவசமாக வரிக் கணக்கு போட்டுத் தருவார்கள். அதைப் பற்றி முன்பே படித்திருந்தேன். அங்கே தேர்வு எழுதித் தேறியவர்தான் உட்கார முடியும், ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்புவார்கள். நம் ஊரிலும் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. தேர்வு முடித்து ரிசல்ட்டுக்கும் வேலைக்கும் காத்திருந்த எட்டுப் பேர் வந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியை ஞாயிறுகளில் இலவசமாகத் தந்தார்கள்.

மாடி என்பதே முதல் தவறு. பென்ஷன்காரர்களுக்காக முகாம் போட்டுவிட்டு, ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிற படிக்கட்டை வைத்தால் யார் வருவார்கள்? இரண்டாவது ஞாயிறே கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் மேசை போட்டோம். சத்தமும் தூசியும் இருந்தாலும் ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் மஞ்சள் பையோடு வந்தார்கள். அதற்குள் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், எப்போதோ முடிந்துபோன எல்.ஐ.சி. பாலிசி, மகன் கல்யாணப் பத்திரிகை எல்லாம் இருக்கும். தேவையான பாஸ்புத்தகம் மட்டும் ஆறு மாதமாகப் பதிவு போடாமல் இருக்கும். எல்லாரும் உட்காரும்போதே கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "ரீஃபண்டு எவ்வளவு வரும் மேடம்?"

பிள்ளைகள் கணக்கில் தடுமாறவில்லை. தடுமாறியது ஓடிபியில். வருமான வரித்துறையின் இணையதளமான போர்ட்டலில் பாஸ்வேர்டு மறந்தால் மீட்க, கடைசியில் ரிட்டர்னை உறுதிசெய்ய, இரண்டுக்கும் பெரும்பாலும் ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓடிபி போகும். முதல் ஞாயிறு ஒரு பெரியவருக்கு முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடித்து, கடைசி பட்டனை அழுத்திவிட்டு, "ஓடிபி வந்துச்சா தாத்தா?" என்று கேட்டான் ஒரு மாணவன். அவர் தன் பழைய நோக்கியாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அது பேரன் நம்பர்ப்பா. அவன் சிங்கப்பூர்ல இருக்கான்" என்றார். சிங்கப்பூருக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். பேரன் டியூட்டியில் இருந்தான். அந்த சிம் கார்டு வீட்டில் அலமாரியில் இருக்கிறது என்று சாயங்காலம் தகவல் வந்தது.

அன்றிலிருந்து, ஆள் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "ஆதார்ல எந்த நம்பர் இருக்கு, அந்த போன் இப்ப கையில இருக்கா?" இல்லையென்றால் தலைமைத் தபால் நிலையத்து ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொல்வோம். அதுவும் முடியாதவர்களுக்கு நெட் பேங்கிங், அல்லது போர்ட்டலில் ஏற்கெனவே சரிபார்த்த வங்கிக் கணக்கு மூலம் உறுதிசெய்ய வழி உண்டு. எதுவுமே இல்லாவிட்டால் ஐடிஆர்-வி என்ற உறுதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கி பெங்களூருக்கு ஸ்பீட் போஸ்ட். இதற்கெல்லாம் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து 30 நாள்தான். முன்பு 120 நாள் இருந்தது, 2022 ஆகஸ்டு 1 முதல் குறைத்துவிட்டார்கள். உறுதிசெய்யாத ரிட்டர்ன் போடாத ரிட்டர்னுக்குச் சமம் என்பதை எவ்வளவு சொன்னாலும், ஒப்புகைத் தாளைக் கையில் வாங்கியதும் வேலை முடிந்தது என்றுதான் நினைக்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. யாருக்கும் ஓடிபி சொல்லாதே என்று வங்கியும் போலீசும் டிவியும் சொல்லிச் சொல்லி இப்போதுதான் பெரியவர்கள் பயப்படக் கற்றிருக்கிறார்கள். நாங்கள் போய் "ஓடிபி சொல்லுங்க" என்றால்? ஓர் அம்மா என் மாணவியிடம் நேராகவே கேட்டார்: "நீ யார் பொண்ணும்மா? உன்கிட்ட ஏன் சொல்லணும்?" அவர் கேட்டதுதான் சரி. ஓடிபியும் பாஸ்வேர்டும் வாயால் கேட்பதை நிறுத்தினோம். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்து, அவரையே தட்டச் சொல்வோம். ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அடிப்பதற்குள் நேரம் முடிந்துபோகும், மறுபடி கேட்க வேண்டியிருக்கும். பரவாயில்லை. முதல் வருடம் ஒரு நோட்டில் எல்லாருடைய பாஸ்வேர்டையும் எழுதி வைத்திருந்தோம் என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்த நோட்டை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் போட்டேன். மாணவர்கள் தங்கள் போனில் யாருடைய பான் கார்டையும் படம் எடுக்கக் கூடாது என்பதும் அப்போது வந்த விதிதான்.

ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்க்காமல் எதையும் தட்டச்சு செய்யாதே என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். எந்தெந்த வங்கியில் எவ்வளவு வட்டி, எங்கே டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்தார்கள், டிவிடெண்டு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். பிடிஎஃப் திறக்க பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, கூடவே பிறந்த தேதியை எட்டு இலக்கமாக அடிக்க வேண்டும். ஒரு ஞாயிறு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மகனோடு வந்தார். எங்கள் மாணவி ஆர்வத்தில், "சார், உங்களுக்கு மூணு பேங்க்ல எஃப்.டி. வட்டி வந்திருக்கு" என்று சத்தமாகப் படித்தாள். மகன் திரையை எட்டிப் பார்த்தார். "மூணாவது எந்த பேங்க்குப்பா?" என்றார். வாத்தியார் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்தப் பணத்தை யாருக்காக வைத்திருந்தாரோ தெரியாது. ஒரு மனிதர் நாற்பது வருடம் உழைத்துத் தனக்கென்று மறைவாக வைத்திருந்த ஒன்றை, உதவி செய்கிறோம் என்று நடுத்தெருவில் போட்டு உடைத்தோம்.

அதற்குப் பிறகு, ஏஐஎஸ் திறக்கும் முன் கூட வந்தவர்களை "கொஞ்சம் டீ சாப்பிட்டு வாங்கண்ணே" என்று அனுப்பிவிடுவது வழக்கமானது. எதிரே டீக்கடை இருந்தது வசதி. எண்களை வாயால் படிப்பதில்லை, விரலால் காட்டுவதோடு சரி.

எங்களுக்கு எது தெரியாது என்று முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. 2022இல் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு வந்தார். கமிஷன் வருமானம். சின்ன வியாபாரம் மாதிரிதானே என்று ஐடிஆர்-4 என்ற ரிட்டர்ன் படிவத்தில், தோராய லாப முறையில் போட்டுக் கொடுத்தோம். கமிஷன், தரகு வருமானத்துக்கு அந்த முறையைச் சொல்லும் 44ஏடி பிரிவு பொருந்தாது, அவருக்கு ஐடிஆர்-3தான் என்று எங்களுக்கு வழிகாட்டும் ஆடிட்டர் சார் ஆகஸ்டில் பார்த்துச் சொன்னார். டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போடலாம் என்பதால் தப்பித்தோம். அதையும் அவரே கட்டணம் வாங்காமல் போட்டுக் கொடுத்தார். வகுப்பில் 44ஏடி நடத்தியவள் நான்தான் என்பதை அவர் நாகரிகமாக நினைவுபடுத்தவில்லை.

அடுத்த வருடம் இன்னொன்று. புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அங்கே சொல்தா என்பார்களே, அது. இந்த அம்மாவுக்கு யூரோவில் ஒரு தொகை வருகிறது. பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம், இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லையே! நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். வெளிநாட்டு வருமானமோ அங்கே கணக்கோ இருந்தால் எளிய படிவமான ஐடிஆர்-1 கூடாது, இந்தியா-பிரான்சு ஒப்பந்தத்தில் அது எந்தப் பிரிவில் வரும் என்று பார்க்க வேண்டும், அதை விளையாட்டாகச் செய்யக் கூடாது. "இதை போன்லயே சொல்லியிருந்தா பஸ் காசு மிச்சமாயிருக்கும்" என்று அவர் கணவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலமே போர்டு எழுதினோம்: சம்பளம், பென்ஷன், வட்டி, ஒரு வீடு மட்டும். ஷேர் வியாபாரம், வீடு மனை விற்றது, வெளிநாட்டுப் பணம், கடைக் கணக்கு கிடையாது. போர்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் வந்தவர்களில் பாதி இருப்பார்கள். முதலில் மனது சங்கடப்பட்டது. மீதிப் பாதியை நிதானமாகக் கவனிக்க முடிந்தபோது அந்தச் சங்கடம் போய்விட்டது.

ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்கும் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். அரைத் தாளில் ஒரு சீட்டு. பான் பெயரும் வங்கிப் பெயரும் ஒன்றா, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் உள்ள டிடிஎஸ் ரிட்டர்னில் உள்ளதோடு சரியா, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், கழிவுகள் நிறைய உள்ள பழைய முறையில் வரி எவ்வளவு, கழிவும் வரி விகிதமும் குறைந்த புதிய முறையில் எவ்வளவு, போட்டவர் யார், பார்த்தவர் யார். பெயர் விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும், பாஸ்புத்தகத்தில் முன்னால் ஒற்றை எழுத்து நிற்கும். போர்ட்டல் இரண்டையும் வேறு வேறு ஆளாக நினைத்து வங்கிக் கணக்கைச் சரிபார்க்க மறுத்துவிட்டால் ரீஃபண்டு நின்றுவிடும். எங்கள் தெரு டிரைவருக்கு இலக்கத்தைச் சரிசெய்த பிறகு இதுவும் முளைத்தது. வங்கிக்கு இரண்டு நடை நடந்தார்.

2024 ஜூலையில் அந்தச் சீட்டு தன் கூலியைச் சம்பாதித்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஆண்டுச் சம்பளம் 7,30,000. கம்பெனியில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தார். சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள நிலைக்கழிவு 50,000, சேமிப்புக்கான 80சி-இல் 1,50,000 போக 5,30,000. வரி செஸ்ஸோடு 19,240 ரூபாய், அதை அப்படியே டிடிஎஸ் பிடித்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஃபார்ம் 16இல் உள்ளபடி அச்சுப் பிசகாமல் போட்டிருந்தாள். ரீஃபண்டு சைபர். சீட்டை டிக் அடிக்க உட்கார்ந்தவள் இரண்டாம் ஆண்டு, நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிறவள், வாய் திறந்து பேசி நான் கேட்டதே இல்லை. "அக்கா, இங்க புது முறைன்னு ஒரு கட்டம் இருக்கே, அது காலியா இருக்கு" என்றாள்.

போட்டுப் பார்த்தார்கள். 7,30,000இல் 50,000 போனால் 6,80,000. அந்த வருடம் புதிய முறையில் 7 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி, ஆக வரி சைபர். கம்பெனியில் எதைச் சொல்லியிருந்தாலும் சம்பளக்காரர் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம். 19,240 ரூபாய் முழுவதும் திரும்பும். 80சி இருந்தால் பழைய முறைதான் லாபம் என்று நாங்கள் எல்லாருமே பழக்கத்தில் நம்பிக்கொண்டிருந்தோம், நானும் உட்பட. சூப்பர்வைசர் நம்பவில்லை. "இதுல தப்பு எதுவும் இல்லையே? பின்னாடி நோட்டீஸ் வராதே?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அந்த இரண்டாம் ஆண்டுப் பெண்ணே பதில் சொன்னாள்.

ஒரு எச்சரிக்கை. எதிர்த் திசையில், பழைய முறைதான் வேண்டும் என்பவர்கள் கெடு தேதிக்குள் போட்டாக வேண்டும். ஆகஸ்டு 1ஆம் தேதி வந்தால் அந்த வாய்ப்பு போச்சு, தாமதக் கட்டணம் வேறு. அதனால்தான் கடைசி நாள் அவ்வளவு நெரிசல். 2024 ஜூலை 31 அன்று மட்டும் நாடு முழுவதும் கிட்டத்தட்ட 70 லட்சம் ரிட்டர்ன். எங்கள் மேசையில் திரை சுற்றிக்கொண்டே இருந்தது, பிள்ளைகள் ஒன்பது மணி வரை உட்கார்ந்து, வீட்டிலிருந்து அப்பாக்கள் வந்து கூட்டிப்போனார்கள். இப்போது கடைசி ஐந்து நாள் புதிதாக யாரையும் எடுப்பதில்லை.

சரி, ரீஃபண்டு கேள்விக்கு வருகிறேன். எங்களுக்குப் போட்டி யார் என்று நினைக்கிறீர்கள்? ஆடிட்டர்கள் கிடையாது, அவர்களுக்கு இந்தச் சின்ன ரிட்டர்ன்கள் தொல்லை. போட்டி, ரீஃபண்டு எடுத்துக் கொடுக்கிறவர்கள். பத்து சதவீதம் கமிஷன், போனிலேயே வேலை முடிந்துவிடும். "போன வருஷம் அவர் 38 ஆயிரம் வாங்கிக் கொடுத்தாரு, நீங்க என்னமோ 3 ஆயிரம்ங்கறீங்க" என்று எங்கள் பிள்ளைகளிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. படித்த பையன் இலவசமாகச் செய்தால் அவனுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். நிறையக் காசு கேட்டால் கெட்டிக்காரன்.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை இப்படிப் பொய்க் கழிவு காட்டி ரீஃபண்டைப் பெருக்கும் ஏஜெண்டுகள் தொடர்பாக நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது. செய்தி டிவியில் வந்த அடுத்த ஞாயிறு எங்கள் மேசைக்கு ஒரு புது வகைக் கூட்டம் வந்தது. அதில் ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி, கேட்டிலிருந்தே திரும்பிப் போகலாமா என்று யோசித்தபடி நின்றார். கழிவுகளைச் சரிபார்க்கச் சொல்லி எஸ்.எம்.எஸ். வந்திருந்தது. பழைய ரிட்டர்னை இறக்கிப் பார்த்தோம். 80ஜிஜிசி, அரசியல் கட்சிக்கு நன்கொடை.

"எந்தக் கட்சிக்குக் கொடுத்தீங்க?" என்றேன்.

"நான் ஓட்டே ஒழுங்கா போட்டதில்ல மேடம்" என்றார்.

அழுவாரோ என்று பயந்தேன். சிரித்துவிட்டார், நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் கணக்கு சிரிக்கிற மாதிரி இல்லை. இரண்டு வருட ரிட்டர்னிலும் அதே நன்கொடை. ஐடிஆர்-யு என்கிற புதுப்பித்த ரிட்டர்ன் போட்டுத் தானாக முன்வந்து கட்டலாம். 2025 பட்ஜெட்டில் அதற்கான கால அவகாசத்தை 24 மாதத்திலிருந்து 48 மாதமாக நீட்டியிருந்தார்கள். ஆனால் வரி, வட்டி இரண்டுக்கும் மேல் கூடுதல் வரி உண்டு: மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த நிதியாண்டு) முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் 25 சதவீதம், இரண்டாவது வருடம் என்றால் 50. இது எங்கள் போர்டில் இல்லாத வேலை, ஆடிட்டர் சாரிடம் அனுப்பினேன். போகும்போது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அவன் எடுத்துக்கிட்ட கமிஷனையும் நான்தான் கட்டணுமா மேடம்?" ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பொய் ஒரு திசையில் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வண்டி லோனுக்கு ஐடிஆர் வேணும், 5 லட்சம் வருமானம்னு காட்டுங்க, வரி வந்தா கட்டிக்கிறேன்" என்று வருபவர்களும் அதே அளவு உண்டு. பாதிப் பேருக்கு மறைக்க வேண்டும், பாதிப் பேருக்குக் காட்ட வேண்டும். இவர்களிடம் முடியாது என்று சொல்வது இருபது வயதுப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். எதிரே இருப்பவர் சித்தப்பாவின் நண்பராகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருப்பார். எனவே முடியாது என்று சொல்லும் வேலையை என்னிடம் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன். "மேடம் விட மாட்டாங்கண்ணே" என்பது எங்கள் முகாமில் அதிகம் புழங்கும் வாக்கியம்.

ஆள் சேர்ப்பதில் ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. வரித் தாளைப் படித்து முடித்தவர்கள் மே மாதம் கல்லூரியை விட்டுப் போய்விடுவார்கள். ஜூலையில் கையில் இருப்பவர்கள் அப்போதுதான் அந்தப் புத்தகத்தை வாங்கியிருப்பார்கள். அதனால் இரண்டாம் ஆண்டு முடியும்போதே பத்து நாள் பயிற்சி. பாடம் நடத்துவதில்லை. நானே தயாரித்த பொய்யான மஞ்சள் பை ஒன்றைக் கொடுத்துவிடுவேன், வேண்டாத பேப்பர்கள் உட்பட. அதிலிருந்து தேவையானதை எடுத்து ரிட்டர்ன் வரைக்கும் போக வேண்டும். முதல் முறை எல்லாரும் குடும்ப ஓய்வூதியத்தைச் சம்பளத்தில் போட்டு நிலைக்கழிவைக் கழிப்பார்கள். அது பிற வருமானத்தில் வரும், அதற்குக் கழிவு வேறு என்று ஒரு முறை அடிபட்டால் மறக்காது. 2025இல் கெடு ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்கும், பிறகு 16க்கும் தள்ளிப்போனது. செய்தித்தாளுக்கு நல்ல செய்தி. எனக்கு ஆகஸ்டில் இண்டர்னல் டெஸ்ட், பாதிப் பேர் மேசைக்கு வரவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் சட்டமே புதிது, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் வரி ஆண்டு என்று ஒன்றே வருகிறது. என் மஞ்சள் பையையும் மாற்றிக் கட்ட வேண்டும்.

2023இல் ஓர் ஆயா வந்தார், அறுபத்தாறு வயது, கணவர் மின்வாரியத்தில் இருந்து இறந்தவர். குடும்ப ஓய்வூதியம் வருடத்துக்கு 2,40,000, எஃப்.டி. வட்டி 62,000. வட்டி 50,000ஐத் தாண்டியதால் வங்கி 6,200 ரூபாய் பிடித்துவிட்டது. ஓய்வூதியத்தில் 15,000 கழிவு போக மொத்தம் 2,87,000. பழைய முறையில் அறுபது தாண்டியவர்களுக்கு 3 லட்சம் வரை வரியே இல்லை. ஆக முழுதும் ரீஃபண்டு. பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. ஆடிட்டர் சார் மட்டும், "வருஷா வருஷம் அந்தம்மா காசைப் பிடிக்க விட்டுட்டு, வருஷா வருஷம் நீங்க திருப்பி வாங்கிக் கொடுக்கப் போறீங்களா? ஏப்ரல்ல 15எச் கொடுத்தா பிடிக்கவே மாட்டாங்களே" என்றார்.

எங்களுக்கு அது உறைக்க ஒரு வருடம் ஆனது. 2024 ஏப்ரலில்தான் முதன்முறையாக 15எச், 15ஜி எழுதிக் கொடுக்கும் மேசை போட்டோம்; எனக்கு வரி வராது, வட்டியில் பிடிக்காதீர்கள் என்று வங்கிக்குச் சொல்லும் படிவங்கள் அவை. ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனிப் படிவம், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக, கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்க வேண்டும். ஓடிபி கிடையாது, லேப்டாப் கிடையாது, ஒரு பேனா போதும். ஒரு கிளையில் படிவம் தீர்ந்துவிட்டது என்று ஆயாவைத் திருப்பி அனுப்ப, நாங்களே அச்செடுத்து எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு மாணவனையும் அனுப்பினோம். அவன் முத்திரை விழும்வரை நகரவில்லையாம்.

2025 ஜூலையில் ஆயா மறுபடி வந்தார். அதே மஞ்சள் பை. அதே மாணவன் இப்போது மூன்றாம் ஆண்டு. ஏஐஎஸ் திறந்து பார்த்து, "ஆயா, இந்த வருஷம் எதுவும் பிடிக்கல. உங்களுக்கு வரியும் இல்ல, ரிட்டர்னும் போட வேணாம். வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

ஆயா எழுந்திருக்கவில்லை. "அப்ப ரீஃபண்டு?"

"பிடிச்சாதானே ஆயா திருப்பித் தருவாங்க?"

"போன தடவை இருந்த புள்ள வாங்கிக் குடுத்துச்சே" என்றார் ஆயா, என் பக்கம் திரும்பி. அவன் ஆயாவுக்கு விளக்கிச் சொல்ல இருபது நிமிடம் ஆனது. நான் குறுக்கே போகவில்லை.